கைப்பிடியின் கழுத்து

வாணலி வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் உலைக்குப் பயந்தவர்கள் குறைவு. உருகிய இரும்பு ஓடும்போது எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் அத்துப்படி. அவர்கள் பயந்ததெல்லாம் பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் வலது கைக்குத்தான்.

அவளுக்கு அங்கே வைத்திருந்த பெயர் தொட்டாற்சிணுங்கி. தோல் அவ்வளவு மெல்லியது. மற்றவர்கள் சூடான டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே ஊர் வம்பு பேசுவார்கள். அவள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, அது எப்போது ஆறும் என்று அதையே முறைத்துக்கொண்டு நிற்பாள். இந்தக் குறையைப் பார்த்து, அதற்கு ஒரு வேலை கொடுத்தவர் முதலாளி. சூட்டறை என்று ஓர் அறை உண்டு. வரிசையாக நான்கு அடுப்புகள், புகை போக ஒரு ஜன்னல், அவ்வளவுதான். புதிதாக ஒரு மாதிரி வார்த்தால் அதில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுவார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வெறுங்கையால் பிடியைப் பிடிப்பாள். ‘சுடல’ என்றால் அந்த மாதிரி உற்பத்திக்குப் போகும். ‘சுடுது’ என்றால் அச்சுப் பட்டறைக்குத் திரும்பும். சூட்டை அளக்க மீட்டர் இருக்கிறதே என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு முதலாளி சொன்னார்: “வாங்கறவங்க மீட்டரை வச்சா பிடிக்கப் போறாங்க?”

அச்சுப் பட்டறையில் இருந்தவர்தான் நம் ஆள். அச்சுக்காரர் என்பது அவருக்கு அங்கே இருந்த பெயர், மேனேஜருக்கு மட்டும் மேஸ்திரி. வாணலியை முதலில் மரத்தில் செதுக்குவது அவர் வேலை. அந்த மர அச்சை மணலில் பதித்து எடுத்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். அவர் செய்த முதல் கைப்பிடி ஒரு பயில்வானின் முன்கை மாதிரி இருந்தது. தடி, வளைவு, விரல் பதிய நாலு வரிப்பள்ளம். பட்டறையே கூடி நின்று மெச்சியது. தொட்டாற்சிணுங்கி வந்தாள், பிடித்தாள், விட்டாள்.

“சுடுது.”

“எப்படிச் சுடும்? எவ்வளவு தடியா இருக்கு பாரு.”

“தடியா இருக்கறதாலதான் சுடுதோ என்னவோ.”

“நீ பிடிச்ச விதம் சரியில்ல.”

“அப்போ ஒவ்வொரு வாணலிக்கும் நீங்களும் கூடவே போயி, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டு வாங்க.”

சூட்டறை சிரித்தது. அவர் முகம் சிவந்தபடி அச்சைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த பிடியும் சுட்டது. அதற்கடுத்ததும் சுட்டது. நாலாவது பிடியைக் கொண்டுவந்தபோது, அது சுட வேண்டும் என்று அவரே வேண்டிக்கொண்டிருந்தார். சுடவில்லை என்றால் சூட்டறைக்கு வர வேறு வேலை இல்லையே. பிறகு அந்தச் சிக்கலுக்குக் கல்யாணம் என்ற எளிய வழி கிடைத்தது.

மகள் பிறந்ததும் அவள் வேலையை விட்டாள். கை மட்டும் வேலையை விடவில்லை. புது மாதிரி எது வந்தாலும் அச்சுக்காரர் அதை வீட்டுக்கு எடுத்துவருவார். அவள் அதில் சமைப்பாள். மறுநாள் காலை மேனேஜர் கேட்பார்: “வீட்ல என்ன சொன்னாங்க?” அதுதான் தொழிற்சாலையின் முத்திரை. தேறாத வாணலிகளில் அவள் மண் நிரப்பிச் செடி வைத்தாள். மாடிப்படி ஓரம் முழுக்க அவருடைய தோல்விகள் பூத்துக் குலுங்கின.

இப்போது அந்தச் செடிகளுக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். எதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அவள் உதவிக்குப் போனாள். லாரியில் போனால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிற தூரம். பிள்ளை குப்புற விழுந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னாள். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கிறது. மருமகன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பவர். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவாள். இருப்பதோ ஒரே அறை. அச்சுக்காரர் ஒருமுறை போய்ப் பார்த்தார். மகள் தூக்கம் கெட்டுவிடுமே என்று பகல் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஏறி இறங்கியவர்கள் எல்லாம் அவரை எலெக்ட்ரீஷியன் என்று நினைத்து, தங்கள் வீட்டு ஃபியூஸைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பேசுவார்கள்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. செடிக்குத் தண்ணி?”

“ஊத்திட்டேன்.”

“சரி, வச்சிரட்டுமா?”

“சரி.”

எப்போது வருவாய் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். கேட்காதவரை எந்தப் பதிலும் இல்லை. மனிதர் அந்த இடைவெளிக்குள் தலையைச் சாய்த்து இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறை விளக்கைத்தான் முதலில் போடுவார். அடுப்பைப் பற்றவைத்து, அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்காருவார். எதிரே அவள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். அங்கே தரையில் சிமெண்ட் சற்று வழவழப்பாகியிருந்தது. அந்த இடத்தில் அவர் நாற்காலி போட்டதே இல்லை.

இந்த நிலையில்தான் புது வாணலி வந்தது. மரப்பிடி வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், பிடியும் சட்டியும் ஒரே இரும்பில், ஒரே வார்ப்பில் வேண்டும் என்று ஒரு பெரிய கடைக்காரர் ஆர்டர் கொடுத்திருந்தார். அடுப்பிலும் வைக்கலாம், ரொட்டி சுடும் ஓவனுக்குள்ளும் தள்ளலாம். சொல்வதற்கு எளிது. இரும்புச் சட்டியோடு ஒட்டிப் பிறந்த இரும்புப் பிடியைச் சுடாமல் வைப்பது எப்படி?

தொழிற்சாலைக்குப் புதிதாக ஓர் இன்ஜினியர் பெண் வந்திருந்தாள். வேகமான ஆள். அவள்தான் ஒரு காகிதத்தில் பிடியை வரைந்து, அது சட்டியோடு சேரும் இடத்தைப் பென்சிலால் தட்டினாள்.

“ஐயா, எல்லாம் இந்தக் கழுத்துலதான் இருக்கு. சினிமா விட்டதும் கூட்டம் வெளிய வருதுல்ல? நடை அகலமா இருந்தா மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல தெருவுக்கு வந்துரும். குறுகலா இருந்தா ஒவ்வொருத்தரா வருவாங்க. நடை நீளமாவும் இருந்து, ரெண்டு பக்கமும் கதவும் இருந்துச்சுன்னா, பாதிப் பேரு வழியிலயே கழண்டு போயிருவாங்க. தெருவுக்கு வர்றது நாலே பேரு. சூடும் அப்படித்தான். கழுத்து ஒல்லியா இருக்கணும், பிடி நீளமா இருக்கணும், காத்துப் படுற இடம் நிறைய இருக்கணும்.”

“நான் சினிமா பாத்தே பல காலமாச்சும்மா,” என்றார் அச்சுக்காரர்.

அவள் சொன்னது அவருக்குப் புதிதல்ல. பயில்வான் கை காலத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் வார்ப்பிரும்புக்கு இன்னொரு குணம் உண்டு. கீழே போட்டால் வளையாது, உடையும். ஒல்லிக் கழுத்தோடு வார்த்த முதல் வாணலியை இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். பிடி ஒரு பக்கம், சட்டி ஒரு பக்கம். மேனேஜர் இரண்டையும் கையில் எடுத்து, “இப்போ பிடி சுடாது மேஸ்திரி, சட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல,” என்றார். ஆர்டருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அச்சுக்காரர் கழுத்தைத் தடியாக்கினார். போட்டார்கள், உடையவில்லை. அடுப்பில் ஏற்றினார்கள். இன்ஜினியர் பெண் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அதிகமா காட்டுதுங்க ஐயா.”

“மீட்டர் கிடக்கட்டும்,” என்று மேனேஜர் அச்சுக்காரரைப் பார்த்தார். “கை என்ன சொல்லுது?”

கையை வைக்க வேண்டியவள் அங்கே இல்லை. எனவே அச்சுக்காரர் தன் கையை வைத்தார். பிடித்தார். நிதானமாக இன்னும் கொஞ்சம் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை.

“சுடல,” என்றார்.

அந்த இடத்தில் அவர் மறந்த விஷயம் ஒன்று இருந்தது. ஊற்றிய வார்ப்பு ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், மணலைத் தட்டிவிட்டுச் சூட்டோடு கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அத்தனை வருஷம் அப்படிச் செய்து செய்து உள்ளங்கை முழுக்கக் காய்த்துப் போயிருந்தது. வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று கையை விட்டுப் பார்த்து அவரால் சொல்ல முடியாது. ஆவி வருகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்வார். அவருடைய கை சுடவில்லை என்றது உண்மை. ஆனால் அந்தக் கைக்கு எதுவுமே சுடாது.

முதல் ஈடு வாணலிகள் பெட்டிக்குள் போகும் முன், அவற்றில் ஒன்றை எடுத்து மகள் வீட்டுக்கு அனுப்பினார். தொழிற்சாலை லாரி வாரம் ஒருமுறை அந்த ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போகும். டிரைவர் பொட்டலத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணே, ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்கு இனிப்பு அனுப்புவாங்க, துணிமணி அனுப்புவாங்க. நீங்க இரும்பு அனுப்புறீங்களே.”

“அவளுக்கு இதுதான் பிடிக்கும்.”

“இத வச்சு ஒரு போடு போட்டா எனக்கும் பிடிக்கும்ணே, படுத்துத் தூங்கிருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் போன் அடித்தது. எடுத்ததும் அவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

“சுடுது.”

அவர் எழுந்து நின்றார். “எங்க?”

“ஆள்காட்டி விரல் வைக்கவே முடியல. நடுவிரலும் அப்படித்தான். மோதிர விரல் பரவாயில்ல. கட்டைவிரலுக்கு அடியில தோல் வழண்டுபோச்சு.”

“மருந்து போட்டியா?”

“வீட்லயே நர்ஸ் இருக்கா, மருந்துக்கு என்ன. இதுக்கு யாரு கை வச்சா?”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நீங்களா?”

“ம்.”

“உங்க கையா? சட்டியக் கவுத்துத் தலையில ஊத்தினாத்தான் உங்களுக்குக் கொதிக்குதுன்னே தெரியும். அந்தக் கைய வச்சா பாத்தீங்க?”

திட்டிக்கொண்டே போனாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவளுடைய கையை, அதுவும் அந்தக் கையை, தான் செய்த பிடி சுட்டுவிட்டது என்பது நெஞ்சில் கல்லாக இறங்கியது. கூடவே, அதை ஒப்புக்கொள்ள அவருக்கே வெட்கமாக இருந்தாலும், இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷத்தில் அவள் அவரோடு இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கே மேனேஜரிடம் போனார். சரக்கு பாதி ஏறியிருந்தது.

“இறக்கச் சொல்லுங்க. பிடி சுடுது.”

“விளையாடாதீங்க மேஸ்திரி. சுடலன்னு சொன்னது யாரு? நீங்கதானே?”

“அதான் நானே வந்து சொல்றேன்.”

“இப்போ யாரு சுடுதுன்னு சொன்னது?”

“வீட்ல.”

மேனேஜர் பேனாவை வைத்தார். இளம் வயதில் அவர் பேக்கிங் பிரிவில் பெட்டிக்கு ஆணி அடித்தவர். அந்தக் கையை அவருக்கும் தெரியும். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்து, “எல்லாத்தையும் இறக்குங்கப்பா,” என்று குரல் கொடுத்தார். பிறகு அச்சுக்காரரிடம், “கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். இனிமே அண்ணி சொல்லாம ஒரு வாணலி வெளிய போகாது,” என்றார்.

அன்று தொடங்கியது அந்தப் போக்குவரத்து. வாரம் ஒரு வாணலி லாரியில் போகும். அவள் அதில் சமைத்துப் பார்ப்பாள். போன் வரும். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்ற கணக்கெல்லாம் இல்லை.

முதலில் பிடியை நீட்டிப் பார்த்தார். “கைக்கு இதமாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா அடுப்புல வச்சா பிடி பக்கமே சாயுது. எண்ணெய் மொத்தம் எங்கிட்ட வருது.” நீளத்தைக் குறைத்து, பிடியின் அடிப்பக்கத்தைப் படகு மாதிரி குடைந்தார். இரும்பு குறைந்தால் சூடு வரும் பாதையும் குறைகிறது. உள்ளங்கை முழுக்க ஒட்டாமல் இரண்டு விளிம்பு மட்டும் கையில் படும். அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “சுண்டு விரலும் மோதிர விரலும் ஜில்லுனு இருக்கு. நடுவிரல் பொறுக்கலாம். ஆள்காட்டி விரல்தான் இன்னும் சண்டை போடுது.”

அவர் அதைப் போய் இன்ஜினியர் பெண்ணிடம் சொன்னபோது அவள் தன் வரைபடத்தில் நான்கு விரலையும் குறித்து, மீட்டர் எண்களை அருகில் எழுதிப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது. “அம்மாவை இங்க வேலைக்கு வரச் சொல்லுங்களேன் ஐயா,” என்றாள் அவள், விளையாட்டாகத்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே என்னவோ இருக்கிற மாதிரி பார்த்தார்.

விரல்களைப் பற்றிப் பேசும்போது மற்றதெல்லாம் உள்ளே நுழைந்தது. மகள் வீட்டுக் குழாய் ஒழுகுவது. மேல் வீட்டுக்காரர் குறட்டை கீழே கேட்பது. பேத்தி சுவரில் வரைந்த ஓர் உருவம், அது தாத்தாவாம், மூன்று கால் இருக்கிறதாம். அவர் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பார். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் வரும். அவள் அடுப்பைத் தணிப்பது, கரண்டியை விளிம்பில் தட்டுவது, தட்டி முடித்து ஒரு பெருமூச்சு விடுவது எல்லாம் கேட்கும். அந்தப் பெருமூச்சு இந்த வீட்டிலும் ஒருகாலத்தில் கேட்டதுதான். அப்போது அதை அவர் காதில் வாங்கியதே இல்லை.

“செவப்புப் பூச்செடி எப்படி இருக்கு?” என்று ஒருநாள் கேட்டாள்.

“எதுல இருக்கறது?”

“மூக்கு நீண்ட வாணலியில இருக்குமே. நமக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் செஞ்சீங்களே, அது.”

அவர் போனோடு மாடிப்படிக்குப் போய்த் தேடினார். செடி வாடித்தான் இருந்தது. “நல்லா இருக்கு,” என்றார். அன்றிலிருந்து அதற்கு இரண்டு வேளை ஊற்றினார்.

கழுத்துப் பிரச்சினை தீர்ந்த விதம் இதுதான். ஒல்லியாக்கினால் உடைகிறது, தடியாக்கினால் சுடுகிறது. பேசிப் பேசிக் கடைசியில், ஒரே கழுத்து எதற்கு, இரண்டாக வைத்தால் என்ன என்று அவரும் இன்ஜினியர் பெண்ணும் வந்து சேர்ந்தார்கள். சட்டியிலிருந்து இரண்டு மெல்லிய கால்கள் கவட்டை மாதிரி விரிந்து கிளம்பி, பிறகு ஒன்றாகச் சேர்ந்து பிடியாகிற வடிவம். நடுவே காற்றுப் போக வெட்டவெளி. இரண்டு காலும் சேர்ந்து விழுகிற அடியைத் தாங்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒல்லி. சூடு வழியிலேயே காற்றோடு போய்விடும். அதே இரும்பு, ஏறக்குறைய அதே எடை. வடிவம் மட்டும்தான் வேறு. வார்த்தார்கள். போட்டார்கள், உடையவில்லை. மீட்டர் வைத்தார்கள், இன்ஜினியர் பெண் சிரித்தாள். பேக்கிங் பிரிவிலிருந்து ஒருத்தி வந்து பிடித்து, “நாள் முழுக்கப் பிடிச்சிட்டு நிப்பேன், சம்பளம் குடுத்தா,” என்றாள்.

“அவ்வளவுதான் மேஸ்திரி,” என்றார் மேனேஜர். “அண்ணி ஒரு தடவை கை வச்சுச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது.”

வேலை முடிந்தது. அந்த வார்த்தையை அவர் வீடு வரை சுமந்துகொண்டு போனார். இந்த வாணலி லாரி ஏறும். அவள் பிடிப்பாள். ‘சுடல’ என்று ஒரு வார்த்தை சொல்வாள். அதற்கப்புறம் அவருக்கும் அவளுக்கும் பேச என்ன இருக்கிறது? சாப்பிட்டீங்களா, ஆச்சு. தண்ணி ஊத்தினீங்களா, ஊத்தினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் எதையும் வைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் செய்ததை அவரே பிறகு நினைத்து நினைத்துக் கூனிக் குறுகினார். கவட்டையின் நடுவெளியில் ஒரு மரத்துண்டைச் செருகி, ஒட்டி, அச்சை மறுபடி ஒற்றைத் தடிக் கழுத்தாக்கினார். வார்ப்புக்காரரிடம் கொடுத்து, “இந்த ஒண்ணு மட்டும் இப்படி ஊத்து,” என்றார்.

“நடுவுல அடைச்சா சுடுமே அண்ணே.”

“சும்மா, பாக்கலாம்னு.”

வாணலி ஆறியதும் பொட்டலம் கட்டி டிரைவரிடம் நீட்டினார். கை விடாமல் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“குடுக்கறீங்களா, இல்ல நீங்களும் ஏறிக்கறீங்களா?” என்றார் டிரைவர்.

“அவகிட்ட சொல்லு, துணி வச்சுப் பிடிக்கச் சொல்லு.”

“அண்ணே, சுடுதான்னு பாக்கத்தானே அனுப்புறீங்க? துணி வச்சுப் பிடிச்சா எப்படித் தெரியும்?”

“நீ சொல்லு, போதும்.”

போன் இரண்டு நாள் கழித்து வந்தது. இந்தத் தடவை பின்னால் அடுப்புச் சத்தம் இல்லை.

“நடுவுல அடைச்சிருக்கீங்க,” என்றாள்.

“பிடிச்சுப் பாத்தியா?”

“எதுக்குப் பிடிக்கணும்? பொட்டலத்தைப் பிரிச்சதுமே தெரியுது. போன வாரம் போன்ல என்ன சொன்னீங்க? ரெண்டு காலா விரிச்சு, நடுவுல காத்துப் போற மாதிரி பண்றோம், சரியா வந்துரும்னு எவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. அப்புறம் இதை யாரு அடைச்சா? துணி வச்சுப் பிடிக்கச் சொல்லி ஆள் வேற சொல்றாரு.”

அவர் வாயைத் திறந்தார். இரும்பு சரியாக ஓடவில்லை, மணல் ஈரம், வார்ப்புக்காரன் தப்பு, எதுவோ ஒன்று சொல்லலாம். எல்லாமே பொய்.

அவள் குரல் இறங்கி வந்தது.

“சும்மா கூப்பிட்டாத்தான் என்ன? அதுக்கு என் கையச் சுடணுமா?”

சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் அவருக்குப் பெரிதாகக் கேட்டது.

“நல்லது ஒண்ணு செஞ்சு வச்சிருப்பீங்கள்ல?”

“இருக்கு.”

“அத அனுப்புங்க. அங்க எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்க.”

அனுப்பினார். அவள் அதில் சமைத்தாள். நான்கு விரலையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், கட்டைவிரலையும் சேர்த்து. “சுடல,” என்றாள். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்ஜினியர் பெண் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். மணல் களத்தில் கவட்டைக் கழுத்து வாணலிகள் வரிசை வரிசையாகப் பிறக்க ஆரம்பித்தன. போன் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும் போலத்தான் இருந்தது. திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அச்சுக்காரர் டப்பாவைத் திறக்கவில்லை. களத்துக்கு வெளியே, காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். அங்கே நின்று எண்ணை அழுத்தினார். அது மகள் இரவு டூட்டி முடித்துத் தூங்குகிற நேரம். எடுத்தவள் ரகசியம் பேசுகிற மாதிரி பேசினாள்.

“என்னங்க? பிடி உடைஞ்சிருச்சா?”

“இல்ல.”

“மேனேஜர் ஏதாவது சொன்னாரா?”

“இல்ல.”

“உடம்புக்கு ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் அவள் சேலைத் தலைப்பாலோ எதாலோ கையைத் துடைப்பது கேட்டது. அவள் எங்கேயோ உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அவரும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கேட்காமல் இருந்தால் இன்னும் ஒரு வருஷம்கூட ஓட்டிவிடலாம். அப்படி ஓட்ட முடியும் என்று தெரிந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

“நீ எப்ப வர்ற?” என்றார்.

“வந்துர்றேன்னு சொல்லிரலாம்,” என்றாள் அவள். “நீங்களும் நம்பிருவீங்க. ஆனா சுடறத சுடலன்னு சொல்ல எனக்கு வராது. இவ டூட்டிக்குக் கிளம்பினா பாப்பா அழுது அழுது, என் கையப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குது. விட்டா முழிச்சிரும்.”

“எந்தக் கை?”

“இது என்ன கேள்வி? வலது கைதான்.”

அவர் தலையாட்டினார், அவள் பார்க்கிற மாதிரி. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவரோடு சண்டை போட அவரிடம் என்ன நியாயம் இருக்கிறது? அதுவும் இரண்டு வயது ஆளோடு.

“அவளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு,” என்றார்.

அவள் சிரித்தாள். சத்தம் வெளியே வராமல் அடக்கிச் சிரித்தது அவருக்குக் கேட்டது. சிரிப்பு முடிந்த பிறகு மூக்கை உறிஞ்சியதும் கேட்டது.

“அப்போ நான் வர்றேன்,” என்றார்.

“எப்ப?”

அவர் கேட்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட கேள்வியை அவள் மூச்சு விடாமல் கேட்டாள். இப்போது அவர்தான் தடுமாறினார். ஆர்டர் பாதியில் இருக்கிறது. அச்சு தேய்ந்தால் சரிசெய்ய வேறு ஆள் இல்லை. போனால் பகலில் எங்கே இருப்பது என்றும் தெரியவில்லை. களத்திலிருந்து யாரோ அவரைத் தேடிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

“லீவு கேக்கணும்,” என்றார். “இதுவரைக்கும் கேட்டதே இல்ல. என்ன சொல்லிக் கேக்கறதுன்னு தெரியல.”

“பொண்டாட்டியப் பாக்கணும்னு கேளுங்க.”

“சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். கேட்டுட்டுக் கூப்பிடுங்க.” அவள் போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. “கேக்கலைன்னாலும் கூப்பிடுங்க,” என்றாள்.